எடைக்குத் தோற்ற டாங்கிகள்

பெலாருஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தொடங்கிய வார்கேமிங் நிறுவனம் 2010 ஆகஸ்டில் ரஷ்யாவிலும், 2011 ஏப்ரலில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' என்னும் இணைய விளையாட்டில், அமெரிக்கக் கனரக டாங்கிகளின் முதன்மை வரிசை டி1, எம்6, டி29, டி32, எம்103, டி110இ5 என ஐந்தாம் படிநிலையிலிருந்து பத்தாம் படிநிலை வரை ஏறிச் செல்கிறது. இந்த ஆறனுள் படைப்பிரிவுகளுக்கு முறையாக வழங்கப்பட்டுப் பணியில் இருந்தது எம்103 ஒன்றுதான். அதுவும் எதிரியின் மீது ஒரு குண்டுகூடச் சுடாமலே ஓய்வு பெற்றது. மற்றவற்றில் டி1, எம்6, டி29, டி32 ஆகியவை சோதனைத் திடலோடு நின்றன. உச்சியில் வைக்கப்பட்டிருக்கும் டி110 மரத்தால் செய்த முழு அளவு மாதிரியைக்கூடத் தாண்டவில்லை. படைத்துறை வரலாற்றில் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெற்ற இயந்திரங்கள் ஒரு விளையாட்டில் அரச வரிசையாக அமர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை காண, அவை ஏன் கைவிடப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காரணங்கள் சென்னையை அடுத்த ஆவடிக்கும் பெங்களூருக்கும் அந்நியமானவை அல்ல.

அமெரிக்கத் தரைப்படையின் பழைய விதி ஒன்று, எந்தப் போர் வண்டியும் 30 அமெரிக்க டன்னுக்கு (ஓர் அமெரிக்க டன் ஏறத்தாழ 907 கிலோ) மேல் எடையோ 103 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்டிருக்கக் கூடாது என்று வரையறுத்தது. இதை வகுத்தவர்கள் டாங்கி வடிவமைத்தவர்கள் அல்லர். ஆற்றைக் கடக்கப் பாலம் அமைக்கும் பொறியாளர் படையினர். அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் போரிட வேண்டிய நாட்டுக்கு ஒவ்வொரு டாங்கியும் முதலில் ஒரு கப்பல் சரக்கு. துறைமுகத்துப் பாரந்தூக்கி அதைத் தூக்கியாக வேண்டும், ரயில் தட்டு வண்டியில் அது அடங்கியாக வேண்டும், பொறியாளர்கள் கைக்கொண்டு செல்லும் எஃகுப் பாலம் அதைத் தாங்கியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பல்லாயிரக்கணக்கில் அனுப்பிய ஷெர்மன் டாங்கி இந்த வரம்பை ஒட்டியே உருவானது.

1940இல் தொடங்கிய டி1 திட்டமும் அதிலிருந்து பிறந்த எம்6 டாங்கியும் இந்த வரம்பை மீறிய முதல் பெரிய முயற்சிகள். ஏறத்தாழ 57 டன் எடை, 76 மில்லிமீட்டர் பீரங்கி, அதனருகிலேயே பொருத்தப்பட்ட 37 மில்லிமீட்டர் சிறு பீரங்கி என அன்றைய கணக்கில் அது வலிமை வாய்ந்ததே. ஆயினும் 1942 டிசம்பரில் கவசப் படையின் தளபதியான ஜேக்கப் டெவர்ஸ், அதன் மிகையான எடையையும் குறைவான பயனையும் காட்டித் தமது படைக்கு இது வேண்டாம் என்று எழுதிவிட்டார். கப்பலில் 60 டன் டாங்கி ஒன்று பிடிக்கும் எடையில் 30 டன் டாங்கிகள் இரண்டு போகுமே என்ற கணக்குக்கு அவரது எதிராளிகளிடம் பதில் இல்லை. மொத்தம் 40 எம்6 டாங்கிகள் கட்டப்பட்டன. ஒன்றும் கடல் கடந்து போருக்குச் செல்லவில்லை.

ஜெர்மனியின் டைகர், கிங் டைகர் டாங்கிகள் களத்தில் தோன்றிய பின்னர் இந்த எண்ணம் மீண்டும் உயிர் பெற்றது. 1944 முதல் உருவாக்கப்பட்ட டி29, டி30, டி34 ஆகிய மூன்றும் உடலால் ஒன்று; பீரங்கியால் வேறு. பெர்ஷிங் டாங்கியின் வண்டிப்பகுதியை நீட்டி, சுமார் 64 டன் எடையில் அமைத்த அந்த உடலின் மீது டி29 105 மில்லிமீட்டர் பீரங்கியையும், டி30 155 மில்லிமீட்டர் பீரங்கியையும், விமான எதிர்ப்புப் பீரங்கியிலிருந்து மாற்றியமைத்த 120 மில்லிமீட்டர் பீரங்கியை டி34உம் சுமந்தன. டாங்கியின் மேற்புறத்தில் பீரங்கியோடு சேர்ந்து சுழலும் கவசக் கூடு டரெட் எனப்படும். இந்த மூன்று டாங்கிகளின் டரெட்டுகளும் ஒரு சிற்றறை அளவுக்குப் பெரியவை. பின்னர் டி29 ஒன்றின் டரெட்டில் இருபுறமும் காதுகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் தொலைவளவி பொருத்திச் சோதிக்கப்பட்டது. இரு முனைகளிலும் உள்ள ஆடிகள் வழியே வரும் பிம்பங்களை ஒன்றோடொன்று பொருத்தி இலக்கின் தொலைவைக் கணிக்கும் கருவி அது. விளையாடுவோர் டி29ஐத் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பது அந்தக் காதுகளைக் கொண்டுதான்.

டி30இன் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. 155 மில்லிமீட்டர் குண்டின் எடை ஏறத்தாழ 43 கிலோ. அதைச் செலுத்தும் வெடிமருந்துப் புட்டி தனி, அதன் எடையும் 18 கிலோ அளவில் இருந்தது. அசையும் வண்டிக்குள், நெரிசலான கூட்டில், குண்டை எடுத்துப் பீரங்கியின் பின்வாயில் வைத்துத் தள்ளி, அடுத்துப் புட்டியை எடுத்து வைத்து மூடுவதற்கென்றே குண்டேற்றுவோர் இருவர் வேண்டியிருந்தது. ஆகவே டாங்கிக் குழுவில் மொத்தம் ஆறு பேர். ஒரு மூட்டை நெல்லில் பாதிக்கு மேல் எடையுள்ள குண்டை மனிதக் கை நாள் முழுதும் தூக்கிக்கொண்டிருக்க இயலாது என்பது சோதனையில் தெளிவாகி, குண்டை இயந்திரமே உள்ளே தள்ளும் அமைப்பு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. போர் முடிந்ததும் பெருந்தொகை உற்பத்தி ஆணைகள் வெட்டப்பட்டன. கட்டி முடிக்கப்பட்ட சிலவும் இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, பீரங்கி ஆகியவற்றைச் சோதிக்கும் ஓடும் ஆய்வுக்கூடங்களாகவே பயன்பட்டன.

இவற்றையும் மிஞ்சியது டி28. டரெட் இன்றி, 105 மில்லிமீட்டர் பீரங்கியை உடலிலேயே பொருத்திய, 86 டன் எடையுள்ள அந்த வண்டிக்கு நிலம் புதையாமல் தாங்கும் பொருட்டு ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு சங்கிலிப் பட்டைகள் தேவைப்பட்டன. ரயிலில் ஏற்ற வேண்டுமானால் வெளிப்புறப் பட்டைகள் இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று பிணைத்து, டாங்கியின் பின்னாலேயே இழுத்துச் செல்ல வேண்டும். அது சில மணி நேர வேலை. கட்டப்பட்ட இரண்டில் ஒன்று பின்னாளில் காணாமற்போய், 1974இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபோர்ட் பெல்வார் முகாமில் ஆள் நடமாட்டமற்ற ஒரு மூலையில் கண்டெடுக்கப்பட்டது. 86 டன் பொருளை ஒரு படை இடம் தெரியாமல் தொலைக்க முடிந்தது என்பதே, அதற்குப் பயன் இருந்ததா என்ற கேள்விக்குப் போதிய விடை.

1950களில் உருவான எம்103 சுமார் 59 டன் எடையில், 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு, 300 எண்ணிக்கையில் கட்டப்பட்டது. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் அந்த டாங்கியைத் தரைப்படை விரைவில் கைவிட, கடற்படைச் சார்பான மரீன் படை டீசல் இயந்திரத்துக்கு மாற்றி 1970களின் தொடக்கம் வரை வைத்துக்கொண்டது. அதற்கு மாற்றாகக் கருதப்பட்ட டி110இன் வடிவமைப்பாளர்களை இறுதிவரை அலைக்கழித்தது எதிரியின் பீரங்கி அன்று. ஐரோப்பிய ரயில் பாதைகளின் சுரங்க வழி அளவு. டரெட் வளையத்தை அகலப்படுத்தினால் வண்டி சுரங்கத்தில் நுழையாது, குறுக்கினால் பீரங்கி பொருந்தாது என்ற இழுபறியில் ஐந்து மாற்று வடிவங்கள் வரையப்பட்டன. அவற்றுள் ஐந்தாவதே விளையாட்டின் பத்தாம் படிநிலையில் இருக்கும் டி110இ5.

விளையாட்டில் இந்த டாங்கிகளுக்கு நேர்ந்த மாற்றத்தை இனிப் பார்க்கலாம். அணிக்குப் பதினைந்து பேராக இரு அணிகள் ஒரு குறுகிய நிலப்பரப்பில் 15 நிமிடம் மோதும் அமைப்பு அது. ஒவ்வொரு வண்டிக்கும் கவசத்தின் தடிமன், பீரங்கியின் துளைக்கும் திறன், குண்டேற்றும் நேரம், பார்வைத் தொலைவு, உயிர்ப்புள்ளி எனப்படும் தாங்குதிறன் ஆகியவை எண்களாக வகுக்கப்பட்டுள்ளன. எடை அறவே கணக்கில் இல்லை என்று சொல்ல முடியாது. டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்ற விகிதம் வேகத்தை முடிவு செய்கிறது, மோதும்போது எடை மிக்க வண்டி இலேசானதை நொறுக்குகிறது. ஆனால் எரிபொருள் தீர்வதில்லை, பாலம் முறிவதில்லை, வண்டியை எங்கும் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. போர் தொடங்கும்போதே அது களத்தில் நிற்கிறது. டெவர்ஸ் எம்6ஐ நிராகரித்த காரணங்கள் இந்த உலகில் அழிந்துபோகின்றன. எஞ்சுவது தடித்த கவசமும் நீண்ட பீரங்கியும் மட்டுமே. மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்து, 178 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட டரெட்டின் முன்பக்கத்தை மட்டும் காட்டி நிற்கும் டி29 ஏழாம் படிநிலையில் பெயர் பெற்றது இதனால்தான்.

வணிகத் தேவை வரலாற்றை எவ்வாறு வளைக்கும் என்பதற்கு டி30 நல்ல சான்று. தொடக்கத்தில் அது அமெரிக்க வரிசையின் உச்சியான பத்தாம் படிநிலைக் கனரக டாங்கி. டி34 அதற்கு அடுத்துக் கீழே, ஒன்பதாம் படிநிலையில் இருந்தது. 2012இல் வந்த மாற்றத்தில் உச்சி இடம் டி110இ5க்குக் கொடுக்கப்பட்டு, டி30 ஒன்பதாம் படிநிலைக்கு இறங்கி டாங்கி அழிப்பான் என்ற வேறு வகுப்புக்கு மாற்றப்பட்டது. டி34 எட்டாம் படிநிலைக்கு இறக்கப்பட்டு, பணம் கொடுத்து வாங்கும் பிரீமியம் டாங்கியாயிற்று. அமெரிக்கப் படைத்துறைக் கோட்பாட்டில் டாங்கி அழிப்பான் என்பது மெல்லிய கவசமும் மிகுந்த வேகமும் கொண்டு, பதுங்கியிருந்து சுட்டுவிட்டு விரைந்து இடம் மாறும் வண்டி. அறுபது டன்னைத் தாண்டிய டி30 அதற்கு நேர் எதிரானது. படைத்துறை ஆவணம் அதைக் கனரக டாங்கி என்றே பதிவு செய்திருக்க, விளையாட்டின் சமநிலை வேறு பெயர் சூட்டியது. இதைப் பிழை என்பதைவிடத் தொழிலின் நியதி என்பதே பொருந்தும். சிக்கல் என்னவென்றால், இன்று டி30 என்ற பெயரை அறிந்தவர்களில் மிகப் பலர் அதை விளையாட்டின் வழியே அறிந்தவர்கள். அவர்களுக்கு அந்த வகைப்பெயரே வரலாறு.

மறுபக்கமும் உண்டு. நிகோலஸ் மோரன் போன்ற ஆய்வாளர்களைப் பணியில் அமர்த்தி, அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் தூசி படிந்த கோப்புகளைப் படிக்கச் செய்ததும், அருங்காட்சியக டாங்கிகளின் உள்ளே நுழைந்து விளக்கும் படங்களை எடுக்கச் செய்ததும் இதே நிறுவனம்தான். ஒரு கல்வித்துறை எளிதில் நிதி ஒதுக்காத ஆய்வுக்கு விளையாட்டின் வருமானம் வழி செய்தது.

விளையாட்டில் மறைந்துபோகும் டாங்கியின் எடையை மெய்யுலகில் சுமப்பது யார் என்ற கேள்விக்குப் பெங்களூரின் விவேக் நகர்ப் பகுதியே விடை தரும். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு திருத்தலத்துக்குத் திரளும் கூட்டத்தால் அறியப்பட்ட, தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழும் இப்பகுதி, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா, கோரமங்களா ஆகியவற்றுக்கு இடையில், கன்டோன்மென்ட் நிலங்களை ஒட்டி வளர்ந்தது. 1809இல் பிரிட்டிஷார் நிறுவிய அந்தப் படைக் குடியிருப்போடு மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த சிப்பாய்களும் பணியாளர்களும் வணிகர்களுமே பெங்களூர்த் தமிழரில் ஒரு பெரும் பகுதியினரின் முன்னோர். இப்பகுதியை அடுத்த அகரத்தில் உள்ள ஆர்மி சர்வீஸ் கோர் மையம், படைக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் வண்டிகளையும் உரிய இடத்தில் உரிய நேரத்தில் சேர்க்கும் பிரிவினருக்குப் பயிற்சி அளிக்கிறது. சற்று வடக்கே அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையிடம் உள்ளது. 1780இல் தோன்றிய அப்படையின் வீரர்களுக்குத் 'தம்பி' என்பது படைத்துறை முழுவதும் வழங்கும் செல்லப்பெயர். பாலம் அமைப்பது இவர்கள் தொழில். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பார வகுப்பு என்ற எண் உண்டு. வண்டியின் எண் பாலத்தின் எண்ணை மிஞ்சினால் எத்தனை சிறந்த பீரங்கி இருந்தாலும் அந்த வண்டி இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். விளையாட்டு கணக்கில் சேர்க்காத அந்த இரு தொழில்களும் இவ்வாறு விவேக் நகரைச் சுற்றியே கற்பிக்கப்படுகின்றன.

விளையாட்டுத் தொழிலும் இந்த ஊருக்குப் புதிதன்று. ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், 1990களின் இறுதியிலேயே பெங்களூரிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விளையாட்டுப் பணிகளைச் செய்து கொடுத்தது; கார்களையும் கட்டடங்களையும் முப்பரிமாண வடிவில் உருவாக்கித் தரும் கலைப்பணியே நாளடைவில் அதன் முதன்மை வருவாயாயிற்று. 2019இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் அதை வாங்கியது. இந்தக் கலைஞர்களின் வேலை வரைபடத்தையும் புகைப்படத்தையும் அருகருகே வைத்துத் தொடங்குகிறது. முதலில் சிறு சிறு தட்டைப் பரப்புகளால் உருவத்தைக் கட்டி, பின்னர் அதன் மீது பற்றவைப்புத் தழும்பு, துரு, சேறு, உரிந்த வண்ணம் ஆகியவற்றைப் படலங்களாகப் போர்த்துகிறார்கள். கட்டப்படாத வண்டிக்குப் புகைப்படம் இல்லை. ஆகவே துருவையும் சேற்றையும் கலைஞரே கற்பனை செய்தாக வேண்டும். ஒருநாளும் மழையில் நனையாத டி110 திரையில் சேறு படிந்து நிற்பது இப்படித்தான்.

எடையின் இதே கணக்கை அமெரிக்க டாங்கிகள் இந்திய மண்ணில் எதிர்கொண்டது 1965 செப்டம்பரில். பஞ்சாபின் கேம் கரண் பகுதியில் அசல் உத்தர் என்ற ஊருக்கு அருகே, அமெரிக்கா பாகிஸ்தானுக்கு அளித்திருந்த 45 டன்னுக்கு மேற்பட்ட பாட்டன் டாங்கிகள், இந்தியப் படை கால்வாய்களை உடைத்து நீர் பாய்ச்சியிருந்த கரும்பு வயல்களில் சிக்கித் திணறின. நான்காவது கிரெனேடியர்ஸ் பிரிவைச் சேர்ந்த அப்துல் ஹமீது ஜீப்பின் மீது பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கியால் பல டாங்கிகளை அழித்து, செப்டம்பர் 10 அன்று உயிர் நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்றார். மூன்று நாளில் பாகிஸ்தான் இழந்தவை ஏறத்தாழ 97 டாங்கிகள் என்று கணக்கிடப்பட்டது. கைப்பற்றியவற்றை வரிசையாக நிறுத்திய இடம் பாட்டன் நகர் என்றே அழைக்கப்பட்டது. வரைபடத்தில் மேலானதாகத் தெரிந்த டாங்கியை வென்றதில் பீரங்கியின் பங்குக்கு நிகராக ஈர மண்ணின் பங்கும் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் செய்த உடன்பாட்டின்படி உருவான கனரக வாகனத் தொழிற்சாலையை ஆவடி மக்கள் இன்றளவும் 'டேங்க் ஃபேக்டரி' என்றே சொல்கிறார்கள். தொழிற்சாலையின் பெயரில் 'கனரக' என்ற சொல் இருந்தபோதிலும் விஜயந்தா இலேசான டாங்கியே: 38 டன் அளவு எடை, 80 மில்லிமீட்டர் முன்கவசம், 105 மில்லிமீட்டர் பீரங்கி. அதே காலத்தில் பிரிட்டன் தனக்கென உருவாக்கிய சீஃப்டன் டாங்கி 50 டன்னைத் தாண்டியிருக்க, இந்தியச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பணப்பைக்கும் ஏற்றதாக விஜயந்தா கவசத்தைக் குறைத்து எடையைக் கட்டுக்குள் வைத்தது. 1980களின் நடுப்பகுதி வரை அதன் உற்பத்தி தொடர்ந்தது. அதன் பிறகு ஆவடி ரஷ்ய டி-72 வகையையும், பின்னர் டி-90 வகையையும் கட்டலாயிற்று. இவையும் 50 டன்னுக்கு உட்பட்டவையே.

இந்த மரபிலிருந்து விலகியது அர்ஜுன். 1974இல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்று, ஆவடியிலேயே 1976இல் உருவான போர் வாகன ஆய்வு மேம்பாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட இத்திட்டம், தொடக்கத்தில் எண்ணியது நாற்பது டன் அளவிலான டாங்கியை. படையின் தேவைகள் மாறி மாறி எழுதப்பட, பீரங்கி 120 மில்லிமீட்டர் ஆயிற்று. ஐதராபாத் ஆய்வகம் உருவாக்கிய காஞ்சன் என்னும் பல்லடுக்குக் கவசம் வந்தது. அவற்றைச் சுமக்க 1,400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் இயந்திரம் வாங்கப்பட்டது. எடை 58.5 டன்னாகவும் அகலம் 3.8 மீட்டருக்கு மேலாகவும் வளர்ந்துவிட்டது. டி110இன் வடிவமைப்பாளர்களைத் தடுத்த அதே ரயில் பாதை இங்கும் குறுக்கே நின்றது. வழக்கமான தட்டு வண்டிகள் பொருந்தாமல் அர்ஜுனுக்கெனத் தனி வேகன்கள் வேண்டியிருந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெமல் நிறுவனம் அத்தகைய படைத்துறை வேகன்களைச் செய்து கொடுத்தது. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்களுக்கு இது ஏற்றதா என்ற ஐயம் தொடர்ந்து எழுந்தது. ராஜஸ்தான் பாலைவனமே அர்ஜுனின் இடமாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2000இல் 124 அர்ஜுன்களுக்கு ஆணை தரப்பட்டு, 2004 முதல் அவை 43ஆவது கவசப் பிரிவுக்கு வரத் தொடங்கின. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் டி-90 டாங்கியோடு நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனைக்குப் பிறகு மேலும் 124க்கு ஆணை கிடைத்தது. மேம்படுத்தப்பட்ட அர்ஜுன் 1ஏ வகையின் எடை 68 டன். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அதைத் தரைப்படையிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய்க்கு 118 டாங்கிகள் கோரப்பட்டன. ஆக, அர்ஜுன் டி29ஐப் போலச் சோதனையோடு நின்றுவிடவில்லை; அதே நேரம் டி-90ஐப் போல ஆயிரக்கணக்கில் பெருகவும் இல்லை. ஐம்பது ஆண்டுக் கால உழைப்புக்குப் பின் கிடைத்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் நின்றதற்கு, தாமதத்தையும் படையின் தயக்கத்தையும் இறக்குமதி நாட்டத்தையும் பலர் காரணம் காட்டியுள்ளனர். அவை உண்மையே ஆயினும், அந்தத் தயக்கத்தின் அடியில் அமெரிக்கர் 1942இல் கண்ட அதே கணக்கு இருந்தது என்பதை ஆவடியின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை.

அமெரிக்கரின் டி வரிசைக்கு மெய்யான இணையென்று ஆவடியில் சொல்லத்தக்கவை வேறு. அர்ஜுனின் டரெட்டை டி-72இன் இலேசான உடலின் மீது ஏற்றிய டாங்க்-எக்ஸ் 2000களின் தொடக்கத்தில் உருவாகி, 47 டன் எடையில் பெரிய பீரங்கி என்று எண்ணிச் சோதிக்கப்பட்டு, தரைப்படையால் நிராகரிக்கப்பட்டது. அர்ஜுனின் உடலின் மீது தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் 155 மில்லிமீட்டர் பீரங்கி டரெட்டைப் பொருத்திய பீம், டி30ஐ நினைவூட்டும் சேர்க்கை. அந்நிறுவனம் 2005இல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது திட்டம் முடங்கியது. விஜயந்தாவின் உடலை நீட்டி 130 மில்லிமீட்டர் ரஷ்யப் பீரங்கியை ஏற்றிய கேட்டபல்ட் மட்டும் பணியில் சேர்ந்து பல்லாண்டு நிலைத்தது. இவற்றின் வரலாறு, டி29இன் வரலாற்றுக்குச் சற்றும் சுவை குறைந்ததன்று.

ஆயினும் விளையாட்டுத் திரையில் இவற்றுக்கு இடமில்லை. 'வார் தண்டர்' என்னும் போட்டி விளையாட்டில் ஆவடியில் கட்டப்படும் டி-90 பீஷ்மா இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கெனத் தனி வரிசை இன்றி, பிரிட்டனின் வரிசைக்குள் செருகப்பட்டிருக்கிறது. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான நாட்டின் டாங்கி பிரிட்டிஷ் கொடியின் கீழ் நிற்பதைக் கண்டு இந்திய விளையாட்டாளர்கள் குமுறுவது இயல்பு. ஆனால் குறை முழுவதும் விளையாட்டு நிறுவனத்தின் மீது போடத்தக்கதன்று. டி29 திரையில் உயிர் பெற்றதற்கு அடிப்படை, அமெரிக்கப் படைத்துறை தன் தோல்விகளின் ஆவணங்களையும் காலம் கடந்தபின் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும், ரிச்சர்ட் ஹன்னிகட் 1988இல் அமெரிக்கக் கனரக டாங்கிகளுக்கென்றே வரைபடங்களோடும் அளவுகளோடும் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டதும்தான். நிராகரிக்கப்பட்ட டாங்கியின் கவசத் தடிமன் முதல் குண்டேற்றுவோர் எத்தனை பேர் என்பது வரை அங்கே அச்சில் இருக்கிறது.

ஆவடியைப் பற்றிப் பொது வாசகருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தணிக்கை அறிக்கைகள், நாடாளுமன்ற விடைகள், செய்தித்தாள் சர்ச்சைகள் ஆகியவையே. அகமத்நகரில் 1994 முதல் இயங்கும் கவசப்படை அருங்காட்சியகத்தில் பழைய டாங்கிகள் பல நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களின் கைக்குறிப்புகளும் வரைபடங்களும் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. 2021 அக்டோபரில் ஆவடித் தொழிற்சாலை, கவச வாகன நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. விஜயந்தாவின் முதல் ஆண்டுகளில் அங்கே கடைசல் பிடித்தவர்களும் பற்றவைத்தவர்களும் இன்று எண்பதைத் தாண்டிய முதியவர்கள். பாதுகாப்பு இரகசியத்தின் காலம் கடந்துவிட்ட விஜயந்தா, கேட்டபல்ட் ஆகியவற்றின் கோப்புகளையேனும் திறந்துவிட்டு, அம்முதியவர்களின் நினைவுகளை அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவு செய்யும் பணியை அந்நிறுவனமும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.